அடுத்த பாகம் எப்படி இருக்கும்?

பாதியில் நிறுத்தப்பட்ட கதைக்கு உள்ள கவர்ச்சி, சொல்லி முடித்த கதைக்கு இருப்பதில்லை. வாராவாரம் தொடர்கதை படித்துப் பழகிய தமிழ்க் குடும்பங்களுக்கு இதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 'தொடரும்' என்ற ஒரு சொல்லைக் கண்டுவிட்டால், கதாநாயகி கிணற்றில் விழுந்தாளா, விழுமுன் எவரேனும் வந்து கையைப் பிடித்தாரா என்று ஒரு வாரம் முழுவதும் வீட்டுக்கு வீடு ஆராய்ச்சி நடந்த காலம் ஒன்று உண்டு. தாயார் ஒன்று சொல்வார். மகள் வேறொன்று சொல்வாள். கதைகளில் நம்பிக்கையே அற்றவர்போல் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடக்கும் தகப்பனாரும், ஈற்றில் தம் அபிப்பிராயத்தைச் சொல்லாமல் விடமாட்டார்.

இன்று அந்த ஆராய்ச்சி வெள்ளித்திரையின் பக்கம் குடிபெயர்ந்திருக்கிறது. கொழும்புக் கொச்சிக்கடையிலே, புனித அந்தோனியார் திருத்தலத்தின் வாசலிலிருந்து ஜம்பட்டா வீதிப் பக்கமாக நடந்து செல்வோர், தேநீர்க் கடையின் முன்னிலையிலோ, ரியூஷன் வகுப்பு முடிந்து வரும் மாணவர் கூட்டத்திலோ காரசாரமான ஒரு விவாதத்தைக் கேட்கக்கூடும். 'அவெஞ்சர்ஸ்' படத்தின் அடுத்த பாகம் எப்படி இருக்கும், எப்படி இருக்கவேண்டும் என்பதே அது. 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' என்னும் அப்படத்தின் வெளியீட்டு நாளாக 2026 டிசம்பர் 18 அறிவிக்கப்பட்டிருக்கிறது.

யார் இந்த வீரர்கள்?

விவரம் அறியாத பெரியோரின் பொருட்டுச் சிறிது விளக்குவோம். அவெஞ்சர்ஸ் என்போர் அமெரிக்கச் சித்திரக் கதைகளில் பிறந்த அதிமானுட வீரர் கூட்டத்தினர். 1963 ஆம் ஆண்டில் ஸ்டான் லீ எழுத, ஜாக் கேர்பி வரைய, அவர்கள் முதன்முதலாகக் காகிதத்தில் ஒன்றுசேர்ந்தார்கள். ஒருவர் இரும்புக் கவசம் அணிந்து பறப்பார்; ஒருவர் கேடயம் ஏந்திப் போர்புரிவார்; ஒருவர் சினங்கொண்டால் பச்சை நிறப் பூதமாகிவிடுவார். இதைக் கேட்டு நகைக்கும் பெரியோர், தாம் இளமையில் விக்கிரமாதித்தன் கதையை எவ்வளவு ஆவலோடு கேட்டோம் என்பதைச் சற்றே நினைத்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு கேள்வியைக் கேட்டு, விடை கிடைத்ததும் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறியதே, அதைவிடச் சாமர்த்தியமாக அடுத்த பாகத்துக்கு ஆவலைத் தூண்டிய கதாசிரியர் உலகில் எவருளர்?

திரையிலே இவ்வரிசை 2008 ஆம் ஆண்டில் 'அயன் மேன்' என்ற படத்தோடு ஆரம்பமாயிற்று. இரும்புக் கவசம் பூண்ட டோனி ஸ்டார்க்காக ரொபர்ட் டௌனி ஜூனியர் நடித்தார். 2018 ஏப்ரலில் வெளிவந்த 'அவெஞ்சர்ஸ்: இன்பினிட்டி வோர்' படத்தின் முடிவிலே, தானோஸ் என்னும் கொடியவன் தன் விரல்களைச் சொடுக்கினான், பிரபஞ்சத்து உயிர்களிற் பாதி தூசியாய் உதிர்ந்து மறைந்தன. மறைந்தவர் மீள்வார்களா என்று உலகம் ஓராண்டு காத்திருந்தது. 2019 ஏப்ரல் இறுதி வாரத்தில் வந்த 'எண்ட்கேம்' அதற்கு விடை கூறியது. மறைந்தவர்கள் மீண்டார்கள், உலகைக் காத்த டோனி ஸ்டார்க் மாண்டான். மூன்று மணி நேரமும் ஒரு நிமிடமும் ஓடிய அப்படம் உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி அமெரிக்க டொலர் வசூலித்தது.

அத்தனை பெரிய வெற்றிக்குப் பின் அக்கதையை அப்படியே மூடிவைக்கப் படக் கம்பெனிக்கு மனம் வருமா? 2024 ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடந்த விழாவொன்றிலே, முகமூடி அணிந்த ஒருவர் மேடையில் தோன்றி அதைக் கழற்றினார். உள்ளே இருந்தவர் ரொபர்ட் டௌனி ஜூனியர்! அவர் மீண்டும் வருகிறார். ஆனால் டோனி ஸ்டார்க்காக அன்று, டொக்டர் டூம் என்னும் வில்லனாக. இந்த டூம் சித்திரக் கதைகளில் 1962 முதல் உலவிவரும் பழைய பாத்திரம். 2025 மார்ச் மாதத்திலோ, நடிகர்களின் பெயர் எழுதிய கதிரைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக இணையத்தில் காட்டினார்கள். வெறும் கதிரைகளை அவ்வளவு நேரம் உலகம் பார்த்துக்கொண்டிருந்தது என்றால், எதிர்பார்ப்பு என்பது எத்தகைய மூலதனம் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கட்சிகள் மூன்று

நம் இளைஞர்களின் விவாதத்தைச் சற்று நேரம் கேட்டால், அதில் மூன்று கட்சிகள் இருப்பது புலப்படும்.

முதலாவது, 'போனவர் வரட்டும்' என்னும் கட்சி. டௌனி இல்லாத அவெஞ்சர்ஸ் உப்பில்லாப் பண்டம் என்பது இவர்களின் வாதம். எந்த வேடத்தில் வந்தாலென்ன, அந்த முகத்தைத் திரையில் காண்பதே போதும் என்பார்கள். கப்டன் அமெரிக்காவாக நடித்த கிறிஸ் எவன்ஸ் மீண்டும் தோன்றுவார் என்று 2025 டிசம்பரில் முன்னோட்டம் வெளிவந்தபோது பெரிதும் மகிழ்ந்தவர்களும் இவர்களே.

இரண்டாவது, 'இறந்தவன் இறந்தவனாகவே இருக்கட்டும்' என்னும் கட்சி. உயிரைக் கொடுத்து உலகைக் காத்தவனின் முகத்தையே, உலகை அழிக்க வருபவனுக்குச் சூட்டினால் அந்தத் தியாகத்தின் பெறுமதி என்னாவது என்று இவர்கள் கேட்கிறார்கள். படமாளிகையில் அவனுக்காக நாம் சிந்திய கண்ணீரை, திருப்பித் தரவேண்டிய கடனாக ஆக்கிவிடலாமா என்பது இவர்களின் மனத்தாங்கல்.

மூன்றாவது கட்சியார் தொகையிற் சிறியவர், வயதிலும் இளையவர். பழையவர் வருவதானால் புதியவர் எப்போது தலையெடுப்பது என்பது இவர்களின் கேள்வி. 'எண்ட்கேம்' படத்தின் முடிவிலே முதியவராகிவிட்ட ஸ்டீவ் ரோஜர்ஸ் தம் கேடயத்தைச் சாம் வில்சனிடம் ஒப்படைத்தார். கொடுத்த பொறுப்பைக் கொடுத்ததாகவே விடுவதன்றோ பெரியோர்க்கு அழகு? இந்தக் கேள்வி திரைப்படத்துக்கு மட்டும் உரியதன்று என்று சில வீடுகளில் பெருமூச்சு எழுவதும் நமக்குக் கேட்கிறது!

பழைய வழக்குகள்

இத்தகைய வழக்காடல் நமக்குப் புதிதன்று. நாவலப்பிட்டியில் பிறந்த எம். ஜி. ஆர். 1965 ஒக்டோபரில் இலங்கைக்கு வந்தபோது அவரைக் காண முண்டியடித்த கூட்டத்தின் பேரப்பிள்ளைகளே இன்று அயன் மேனுக்காக வாதாடுகிறார்கள். 1973 ஆம் ஆண்டில் வெளியான 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தில், மின்னலின் ஆற்றலைச் சிறைப்பிடிக்கும் விஞ்ஞானியாகவும் அவருடைய தம்பி ராஜுவாகவும் எம். ஜி. ஆர். இரட்டை வேடம் தாங்கினார். படம் முடியும்போது, 'கிழக்கு ஆபிரிக்காவில் ராஜு' என்ற அடுத்த படம் வருமென்று திரையிலேயே அறிவிப்புத் தோன்றியது. ரசிகர்கள் காத்திருந்தார்கள். எம். ஜி. ஆர். அரசியலில் ஆழ்ந்தார், 1977 இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார், அவர் நடித்து அந்தப் படம் வரவேயில்லை. எனினும் அதைப்பற்றிப் பேசும் பழைய ரசிகரின் கண்களில் இன்றும் ஓர் ஒளி தோன்றுவதைக் காணலாம். எடுக்கப்படாத படம் எவரையும் ஏமாற்றுவதில்லை அல்லவா?

கடல் கடந்த நாடுகளிலும் இதே கதைதான். 1989 இல் வெளிவந்த 'பேட்மேன்' படத்துக்கு, நகைச்சுவை வேடங்களால் பெயர்பெற்ற மைக்கேல் கீட்டன் தெரிவு செய்யப்பட்டபோது, கம்பெனிக்கு ஏறக்குறைய 50,000 கண்டனக் கடிதங்கள் குவிந்தன என்று பத்திரிகைகள் எழுதின. படம் வந்தது, எதிர்ப்பு மறைந்தது. 1992 இல் அதன் இரண்டாம் பாகத்திலும் அவரே நாயகன். 2023 இல் முதுமைக் கோலத்தில் மீண்டும் அந்த வேடத்தில் தோன்றியபோது, பழைய உறவினரைக் கண்டதுபோல் ரசிகர்கள் பூரித்தார்கள். 2008 இல் வந்த 'த டார்க் நைட்' படத்தின் ஜோக்கர் வேடத்துக்கு ஹீத் லெட்ஜர் பொருந்தார் என்றும் ஆதியில் பலர் ஏளனம் செய்தார்கள். படம் திரைக்கு வருமுன்பே அவர் காலமானார். மறு ஆண்டு ஒஸ்கார் விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

'எண்ட்கேம்' படமே தமிழ் பேசி வந்தபோது இங்கும் ஒரு சிறு கலகம் மூண்டது. ஏ. ஆர். முருகதாஸ் வசனம் எழுத, அயன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். காதுக்குப் பழகிய பழைய குரலே வேண்டும் என்று ரசிகர் பலர் ஆட்சேபித்தனர். பிற நாட்டு வீரனொருவனின் தமிழ்க் குரலுக்காக இவ்வளவு உரிமையோடு சண்டை பிடித்தார்கள் என்றால், அவனைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே வரித்துக்கொண்டார்கள் என்பதுதானே பொருள்?

இவற்றிலிருந்து நாம் அறிவது ஒன்றுண்டு. ரசிகரின் அன்பு பெரும்பாலும் உண்மையானது. ரசிகரின் ஆரூடமோ பெரும்பாலும் பிழைத்துப் போவது. பழகியதையே மனம் கேட்கிறது. நினைவில் நின்றுவிடுவதோ, எவரும் கேளாமல் வந்து சேர்ந்ததாக இருக்கிறது.

2019 ஏப்ரல்

இதுவரை கூறியவை பொழுதுபோக்கான வழக்குகள். கொச்சிக்கடையைப் பொறுத்தமட்டில், இறந்தவர் மீள்வதைப்பற்றிய பேச்சு எப்போதும் பொழுதுபோக்காகவே இருந்துவிட முடியாது.

2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. அன்று காலை வழிபாட்டு நேரத்தில் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சியோன் தேவாலயத்திலும், கொழும்பின் பெரிய ஹோட்டல்கள் மூன்றிலும் குண்டுகள் வெடித்தன. அன்றைய தாக்குதல்களில் 260 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செவ்வாய்க்கிழமை தோறும் சைவரும் பௌத்தரும் கத்தோலிக்கரோடு கூடிநின்று மெழுகுதிரி ஏற்றும் ஆலயம் அது. பொன்னம்பலவாணேசுவரர் கோயில் மணியோசையும் ஆலய மணியோசையும் ஒரே காற்றில் கலக்கும் ஊர் அது. அன்றைய தினம் அங்கே வந்த துயரம் எந்த ஒரு மதத்தாருக்கும் மாத்திரம் உரியதாய் இருக்கவில்லை.

அதே வாரத்திலேதான் 'எண்ட்கேம்' உலகெங்கும் வெளியாயிற்று. படத்தின் முடிவை எவரும் பிறருக்குச் சொல்லிவிடாதீர்கள் என்று அதன் நெறியாளர்களாகிய ரூசோ சகோதரர் ஏப்ரல் 16 ஆம் திகதி ரசிகர்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். பிற தேசத்து இளைஞர்கள் அந்த முடிவு தம் காதில் விழுந்துவிடக்கூடாதே என்று சமூக வலைத்தளங்களை விட்டு ஒதுங்கியிருந்தார்கள். நம் நாட்டிலோ வதந்தி பரவாதிருக்க அரசே அவ்வலைத்தளங்களைத் தடுத்திருந்தது. ஏப்ரல் 30 ஆம் திகதிதான் தடை நீங்கிற்று. ஓராண்டு காலம் 'யார் மீள்வார், யார் மாள்வார்' என்று விளையாட்டாகக் கேட்டுக்கொண்டிருந்த நம் பிள்ளைகள், அந்த வாரத்தில் அதே கேள்வியை வைத்தியசாலை வாசல்களில் கேட்க நேர்ந்தது.

பின்னாளில் ஆற அமர இருந்து அப்படத்தைப் பார்ப்போருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. தானோஸைக் கொன்று பழிதீர்ப்பதுதான் படத்தின் உச்சக் காட்சியாக இருக்கும் என்று பலர் எண்ணியிருந்தார்கள். ஆனால் படத்தின் ஆரம்பப் பகுதியிலேயே வீரர்கள் அவனைத் தேடிப்பிடித்துத் தலையைக் கொய்துவிடுகிறார்கள். பழி தீர்ந்தது, போனவர் எவரும் வரவில்லை. வீரர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அதன்பின் ஐந்து ஆண்டுகள் கழிகின்றன.

அடுத்து வரும் காட்சியில் யுத்தமும் இல்லை, பறத்தலும் இல்லை. ஓர் அறையில் சிலர் வட்டமாக அமர்ந்திருக்கிறார்கள். உற்றாரை இழந்தவர்கள் அவர்கள். நெடுநாட்களுக்குப் பின் ஒருவருடன் உணவருந்தச் சென்றதையும், உண்ணும்போதே அழுதுவிட்டதையும் ஒருவர் சொல்கிறார். அந்தச் சிறு வேடத்தில் நெறியாளர் ஜோ ரூசோவே நடித்திருக்கிறார். உலகின் பெருவீரனாகிய கப்டன் அமெரிக்கா அவர்கள் நடுவே அமர்ந்து, வேறொன்றும் செய்ய இயலாதவனாய், செவிகொடுத்துக் கேட்கிறான். வேறொரு காட்சியில், மறைந்தவர்களின் பெயர் பொறித்த கற்களினிடையே ஒரு தகப்பன் தன் மகளின் பெயரைத் தேடி ஓடுகிறான். அது அங்கே இருந்துவிடக்கூடாதே என்று.

இக்காட்சிகளை எந்த ரசிகர் எதிர்பார்த்தார்? எந்தக் கட்சி கேட்டது? கேளாமற் கிடைத்த இந்தப் பகுதியே, துக்கம் நடந்த ஊரொன்றில் இருந்து பார்ப்பவருக்கு அப்படத்தின் உயிராகத் தோன்றுகிறது. பழிவாங்குதல் எதையும் திருப்பித் தருவதில்லை என்ற பாடம் அவ்வாண்டில் நமக்கும் தேவைப்பட்டது. மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் குற்றமற்ற முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை நாடு கண்டது. அதனால் இறந்தவர் ஒருவரேனும் எழுந்து வந்தாரில்லை. ஜூன் 12 ஆம் திகதி, அந்தோனியார் திருநாளுக்கு முதல்நாள், திருத்தலத்தின் கதவுகள் மீண்டும் திறக்கப்பட்டன. மந்திரமும் கவசமும் இல்லாத சாமானிய மக்கள், மெழுகுதிரி ஏந்திய கையோடு திரும்பி வந்தார்கள்.

நம்முடைய இரண்டாம் பாகம்

இரண்டாம் பாகம் எப்படி அமையவேண்டும் என்பதை அறிய நாம் அமெரிக்காவுக்குப் போகவேண்டியதுமில்லை. சிலப்பதிகாரத்துக்கு அடுத்த பாகமாக நம் முன்னோர் கொண்டாடியது மணிமேகலை; அதனாலன்றோ அவ்விரண்டையும் இரட்டைக் காப்பியம் என்கிறோம்?

முதற் காப்பியத்தில் கோவலன் மாண்டான், மதுரை எரிந்தது. அடுத்ததில் அவன் மகள் வருகிறாள். புகார் நகரத்து இந்திர விழாவில் மாதவியும் மணிமேகலையும் ஆட வருவார்கள் என்று ஊரார் எதிர்பார்க்கிறார்கள். அவர்கள் வராதபோது ஊர் அலர் தூற்றுகிறது. அந்நாளைய ரசிகரின் ஏமாற்றம் அது! சாத்தனாரோ அந்த எதிர்பார்ப்புக்கு இணங்கவில்லை. மணிமேகலா தெய்வம் அப்பெண்ணுக்கு மூன்று மந்திரங்களை உபதேசிக்கிறது: வேற்றுருக் கொள்ளலாம், வான்வழி செல்லலாம், பசியை வெல்லலாம். உருமாறவும் பறக்கவும் வல்ல ஒருத்தி நம் பழந்தமிழ்க் காப்பியத்தில் இருக்கிறாள் என்பதை அவெஞ்சர்ஸ் ரசிகர் பலர் அறியார்.

அவ்வளவு ஆற்றலையும் பெற்ற அவள் எந்தக் கோட்டையைத் தகர்த்தாள்? மணிபல்லவத்தில் அமுதசுரபி என்னும் பாத்திரத்தைப் பெற்று, பசித்தவர்க்குச் சோறிட்டாள். அந்த மணிபல்லவம் நம் நயினாதீவே என்று கருதும் அறிஞரும் உளர். அரசனிடம் வரம் கேட்கும் வாய்ப்பு வந்தபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி கேட்டாள். அவளுடைய தந்தை மீண்டு வரவில்லை. அந்த இழப்பு இழப்பாகவே நின்றது. அதன்மேல் ஒரு புதிய அறம் எழுந்தது.

ஆகவே, 'டூம்ஸ்டே'யைக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: எதிர்பாருங்கள், ஆசைதீர வாதாடுங்கள், ஆனால் உங்கள் எதிர்பார்ப்பில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டுவையுங்கள். நீங்கள் கேளாத ஒன்று வந்து அமர்வதற்கு அந்த இடம் வேண்டும். டௌனி திரும்பி வருவது குற்றமன்று. டோனி ஸ்டார்க்கின் மரணத்தை அவர் வருகை மலிவாக்குகிறதா, அன்றி அதன் பாரத்தை நமக்கு மீண்டும் உணர்த்துகிறதா என்பதைக் கொண்டே அப்படத்தை நிறுக்கவேண்டும். எத்தனை நகரங்கள் இடிந்தன, எத்தனை வீரர்கள் வந்தார்கள் என்ற கணக்கு அதற்கு உதவாது.

விவாதத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. நடிகரொருவரைத் தெரிவு செய்தமைக்காக அவரையும் அவர் குடும்பத்தாரையும் கைப்பேசியில் ஏசுவது ரசிகத்தன்மையாகாது. முதல்நாளே படம் பார்த்தவர், வெள்ளவத்தையிலோ மருதானையிலோ நுழைவுச் சீட்டுக்காக இன்னும் காத்திருக்கும் நண்பனுக்கு முடிவைச் சொல்லிவிடாதிருப்பதும் ஒரு சிறு தருமமே.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. 'இதென்ன பைத்தியக்காரப் பேச்சு' என்று பிள்ளைகளின் வாயை அடைக்க வேண்டாம். இறந்தவனைத் திருப்பிக் கொணரலாமா, கொடுத்த பொறுப்பை மீளப் பெறலாமா, பழி வாங்கினால் மனம் ஆறுமா என்ற கேள்விகளைப் பதினைந்து வயதுப் பிள்ளை தானாகவே கேட்கும் சந்தர்ப்பங்கள் அதிகமில்லை. அவர்களோடு ஒரு நாள் உட்கார்ந்து படத்தைப் பாருங்கள். வீடு திரும்பும் வழியில், எந்த வீரன் பலசாலி என்று கேளாமல், எந்த இடத்தில் உனக்கு மனம் கனத்தது என்று கேளுங்கள். அதற்குப் பிள்ளை சொல்லும் மறுமொழி, எந்த முன்னோட்டத்திலும் இடம்பெறாத ஒன்றாக இருக்கும்.